லாங்ஸ்டனின் ஐந்து மாதம்

அக்டோபர் 26

ஒரு வாரமாக ஜான் மெர்சர் லாங்ஸ்டனைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் குடியிருக்கும் இந்த வர்ஜீனியாவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பினத்தவர். 1829இல் லூயிசா கவுண்டியில் பிறந்தார். அப்பா வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி. அம்மா, அவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். நான்கு வயதில் இருவரையும் இழந்து, ஒஹாயோவில் வளர்ந்தார்.

சட்டம் படிக்கக் கேட்டுப் போன இடத்தில், பிரெஞ்சுக்காரன் என்றோ ஸ்பானியன் என்றோ சொல்லிக்கொண்டு வந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்களாம். மாட்டேன் என்றுவிட்டார். அப்புறம் ஒரு வக்கீலிடம் இருந்தே தொழிலைக் கற்று, 1854இல் வக்கீலானார். அந்த ‘மாட்டேன்’ இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அக்டோபர் 29

1888 தேர்தல். பீட்டர்ஸ்பர்க் தொகுதி. வெள்ளையருக்கு ஒரு வரிசை, கறுப்பருக்குத் தனி வரிசை. கறுப்பர் வரிசை நகரவே நகராது. மூன்று மணி நேரம்வரை நின்றிருக்கிறார்கள். கடைசியில் 641 வாக்கில் தோல்வி என்று அறிவித்தார்கள்.

லாங்ஸ்டன் விடவில்லை. சாட்சிகளைத் திரட்டி நாடாளுமன்றத்திலேயே வழக்காடினார். அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் செய்ய, எதிர்த்த ஜனநாயகக் கட்சியினர் வெளிநடப்பு செய்து பார்த்தார்கள். பலிக்கவில்லை. 1890 செப்டம்பர் 23இல் பதவியேற்றார்.

அக்டோபர் 30

கணக்குப் போட்டேன். கிட்டத்தட்ட 22 மாதப் போராட்டம். கிடைத்தது 1891 மார்ச் 3 வரை, ஐந்து மாதம் சொச்சம். பதவியேற்ற ஆறே வாரத்தில் அடுத்த தேர்தல் வந்து, அதில் தோற்றும் போனார்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கே வாக்கு என்று ஒரு அரசியல் சட்டத் திருத்தத்தை அவரே முன்மொழிந்தார். பின்னாளில் தெற்கில் கறுப்பரின் வாக்கைப் பறிக்க அதே எழுத்தறிவுச் சோதனையைத்தான் பயன்படுத்தினார்கள். படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. வர்ஜீனியாவின் அடுத்த கறுப்பின உறுப்பினர் பாபி ஸ்காட் பதவியேற்றது 1993இல்.

நவம்பர் 1

குடியுரிமை வாங்கியபின் என் முதல் வாக்கு. முன்கூட்டியே வாக்களிக்க இன்றுதான் கடைசி நாள், அதனால் கூட்டம். நாற்பது நிமிடம் நின்றேன். ஒரே வரிசை. எனக்கு முன்னால் ஒரு கறுப்பினப் பாட்டி, கைத்தடியோடு. யாரோ மடக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். உட்கார்ந்தார். வரிசை நகரும்போதெல்லாம் அவர் எழுந்து இரண்டடி வைப்பார், நான் நாற்காலியைத் தூக்கிப் பின்னால் வைப்பேன். வாசல்வரை அப்படியே போனோம்.