ஷெஃபீல்டில் சுவர் ஏறிய நாட்கள்

ஷெஃபீல்டு எஃகுக்குப் பேர்போன ஊர். ஆனால் நான் அங்கே போனதற்கு எஃகு காரணமில்லை, என் அக்கா மகள்தான் காரணம். அங்கே முதுகலை படிக்கிறாள். போனில் பேசினால் படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை, மீதி நேரம் முழுக்கச் சுவர் ஏறுவதைப் பற்றித்தான் பேச்சு. "மாமா, நீங்க வாங்க, மியூசியம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல உங்களை வொர்க்ஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று நான் டிக்கெட் போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

வொர்க்ஸ் என்று அவள் சொன்னது தி கிளைம்பிங் வொர்க்ஸ். 2006இல் ஆரம்பித்தது. ஊருக்குத் தெற்கே லிட்டில் லண்டன் ரோட்டில் இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ ஒரு குடோன் என்றுதான் தோன்றும். கயிறு கிடையாது, போல்டரிங் மட்டும். அதாவது நாலு மீட்டர் சுமாருக்கு உயரமுள்ள சுவர், கீழே தரை முழுக்கக் கனமான மெத்தை, ஏறு, முடிந்தால் உச்சியைப் பிடி, முடியாவிட்டால் மெத்தையில் விழு, அவ்வளவுதான் ஏற்பாடு.

இந்த ஊரில் இதற்கு இவ்வளவு மவுசு இருப்பதற்குப் பாறையும் மழையும்தான் காரணம். நகர எல்லையிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. பஸ் ஏறிக் கொஞ்ச தூரம் போனால் கிரிட்ஸ்டோன் என்கிற சொரசொரப்பான மணற்பாறை வரிசை வரிசையாக நிற்கிறது, நூறு வருஷத்துக்கும் மேலாக ஜனங்கள் அதில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நனைந்தால் அந்தப் பாறையில் ஏற முடியாது, டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். மழை நாளில் ஏற ஒரு சுவர் வேண்டும். 1964இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டான் ராபின்சன் என்ற உடற்கல்வி விரிவுரையாளர் ஒரு தாழ்வாரச் சுவரில் கற்களைப் பதித்து மாணவர்களை ஏற வைத்தார். அப்புறம் 1991இல் ஷெஃபீல்டில் ஃபவுண்ட்ரி என்ற ஜிம் திறந்தது, காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் வந்து ஏறலாம் என்ற இன்றைய மாதிரி ஜிம்கள் பிரிட்டனில் அங்கிருந்துதான் கிளம்பின. இந்த ஊரில் வாழ்ந்து ஏறிய பென் மூன் 2005இல் மூன்போர்டு என்று ஒரு பயிற்சிப் பலகையைக் கொண்டுவந்தார். ஏறுகிறவர் பக்கமாக 40 டிகிரி சாய்வு, கையும் காலும் வைக்கிற பிடிகள் எல்லா ஊரிலும் அதே பிடிகள், அதே இடத்தில். எந்தெந்தப் பிடி வழியாக ஏறுவது என்று ஷெஃபீல்டில் ஒருவர் உருவாக்கிய பாதையை டோக்கியோவில் இருப்பவர் அப்படியே ஏறிப் பார்க்கலாம்.

சரி, உள்ளே போன கதைக்கு வருகிறேன்.

கவுன்ட்டரில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இந்த விளையாட்டில் அடிபடலாம், உயிரே போகலாம், தெரிந்துதான் வருகிறேன் என்று அதில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் மலையேற்றத்துக்கான கவுன்சில் எழுதிவைத்த வாசகம் இது, பெரும்பாலான ஜிம்களில் அதையே வைத்திருக்கிறார்கள். படித்ததும் வயிற்றைக் கொஞ்சம் கலக்கும். ஆனால் கவுன்ட்டரில் இருந்த பையன் கையெழுத்து வாங்கியதோடு விடவில்லை, மெத்தைக்குக் கூட்டிப்போய் முதலில் விழுவதற்குத்தான் சொல்லிக்கொடுத்தான். இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையில் பட வேண்டும், முட்டியை மடக்க வேண்டும், அப்படியே பின்பக்கம் உட்கார்ந்து முதுகில் உருள வேண்டும், கை இரண்டையும் நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும். கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. விழும்போது யாருக்கும் கை தானாகப் பின்னால் போகும், மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கும், எலும்பு முறிவது அப்படித்தான். சுவரில் கொஞ்சம் ஏறச் சொல்லி, குதிக்கச் சொல்லி, கை சரியாக நெஞ்சுக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பையன் நகர்ந்தான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் ஒரு பெரிய நகரத்தில், பெயர் வேண்டாம், இதே மாதிரி ஒரு ஜிம்முக்கு முன்பு போயிருக்கிறேன். காசு வாங்கினார்கள், ஷூ கொடுத்தார்கள், "அந்த மூலைல இருக்கறது பிகினர்ஸுக்கு சார்" என்று கையைக் காட்டினார்கள், அதோடு சரி. எப்படி விழுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. மூலையில் இருந்த பாதைகளோ ஏணிப்படி போலப் பெரிய பெரிய பிடிகளை நேராக அடுக்கி வைத்தவை. ஏறினால் ஏறலாம், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. கஷ்டமான சுவர்களில் மட்டும் புதிது புதிதாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வருகிறவர் ஒரு நாள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று அவர்களே முடிவு செய்துவிட்ட மாதிரி இருந்தது.

ஷெஃபீல்டில் என்னைக் கட்டிப்போட்டது எளிய பாதைகள்தான். போல்டரிங் சுவரில் ஒரே நிறப் பிடிகள் சேர்ந்தால் ஒரு பாதை, ஒவ்வொரு நிறமும் ஒரு கடினம். தொடங்கும் பிடியில் ஒரு சின்ன அட்டை இருக்கும், உச்சிப் பிடியை இரண்டு கையாலும் பிடித்தால் முடித்ததாகக் கணக்கு. மிக எளிய நிறத்தில் ஒரு பாதை, கொஞ்சமாகச் சாய்ந்து படுத்திருக்கும் சுவரில், கைக்கு ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது, உள்ளங்கையை வைத்து அழுத்த ஒரு வழுவழுப்பான மேடு மட்டும். உடும்புப் பிடியாகப் பிடிக்கலாம் என்று போனால் பிடிக்க ஏதும் இல்லை. காலைத்தான் நம்ப வேண்டும். கட்டை விரலின் உள்விளிம்பை ஒரு சின்னப் பிடியில் வைத்து, குதிகாலைத் தாழ்த்தாமல், இடுப்பை அந்தக் காலுக்கு மேலே கொண்டுபோனால் உடம்பு தானே எழுந்துவிடுகிறது. அந்த ஒரு பாதை ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறது, பக்கத்தில் இருப்பது வேறொரு பாடம், சுவரின் மூலையில் முதுகையும் காலையும் எதிரெதிரே ஊன்றி ஏற வேண்டிய பாதை. யாரோ உட்கார்ந்து, முதல் முறை வருகிறவருக்கு என்ன தெரியாது, எதைக் காட்டினால் கண் திறக்கும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

அந்த யாரோவை மறுநாள் காலையில் பார்க்கவே பார்த்தோம். ஒரு சுவரை மட்டும் கயிறு கட்டி அடைத்து, பழைய பிடிகளை எல்லாம் கழற்றிப் போட்டிருந்தார்கள். ஏணி மேல் ஒரு பெண், கையில் போல்ட் முடுக்குகிற மெஷின், காதில் சத்தம் கேட்காமல் இருக்க அடைப்பான், கீழே கழுவிக் காயவைத்த பிடிகள் பிளாஸ்டிக் தொட்டிகளில் நிறம் நிறமாகக் குவிந்து கிடந்தன. ரூட் செட்டர் என்பார்கள். ஒரு பிடியைப் பூட்டுவார், இறங்குவார், ஷூவை மாட்டிக்கொண்டு ஏறிப் பார்ப்பார், மறுபடி ஏணி, அதே பிடியை ஒரு விரல்கடை திருப்புவார், மறுபடி ஏறிப் பார்ப்பார். அவர் டீ குடிக்க இறங்கியபோது அக்கா மகள் பேச்சுக் கொடுத்தாள். கஷ்டமான பாதையை விட எளிய பாதைக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கிறது என்றார். நன்றாக ஏறத் தெரிந்தவருக்கு ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி கண்டுபிடித்துக்கொள்வார், புதியவருக்கு ஒரே வழிதான் தெரியும், ஐந்தடிப் பெண்ணுக்கும் ஆறடி ஆளுக்கும் அது எட்ட வேண்டும். இவ்வளவு செய்தும் சில வாரங்களில் மொத்தத்தையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். வழக்கமாக வருகிறவர்களுக்கு அலுக்கக் கூடாது, ஷூ ரப்பரும், கை வியர்வைக்காகப் பூசுகிற சாக் பவுடரும் படிந்து பிடிகள் வழுக்கத் தொடங்கிவிடும் என்பது இன்னொரு காரணம்.

மற்ற வாடிக்கையாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போல்டரிங்கில் ஏறுகிற நேரத்தைவிட மெத்தையில் உட்கார்ந்து அடுத்தவர் ஏறுவதைப் பார்க்கிற நேரம்தான் அதிகம். விரல் ஓய்வெடுக்க வேண்டும், நுனியெல்லாம் சிவந்து எரிகிற விரலை ஊதிக்கொண்டே எதிரில் இருக்கிற பாதையை எப்படி ஏறுவது என்று கண்ணாலேயே ஏறிக்கொண்டிருப்போம். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா, நரைத்த முடியைப் பின்னியிருந்தார், நான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே வந்து சொல்லிவிடவில்லை. "ஒரு யோசனை சொல்லட்டுமா, இல்லை நீங்களே கண்டுபிடிக்க வேண்டுமா?" என்று கேட்டார். அங்கே அதுதான் மரியாதை. எப்படி ஏறுவது என்கிற வழியைப் பீட்டா என்பார்கள், கேட்காதவருக்கு அதைச் சொல்வது அவர் விளையாட்டை நாம் எடுத்துக்கொள்வது மாதிரி. சொல்லுங்கள் என்றதும் பேசாமல் எழுந்துபோய்ச் செய்து காட்டினார். நான் நெஞ்சைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு ஏறியிருந்தேன், அவர் வலது இடுப்பைச் சுவரோடு ஒட்டித் திருப்பினார், அப்படித் திரும்பியதில் கை ஒரு சாண் கூடுதலாக எட்டியது. அடுத்த முறை எனக்கும் எட்டியது. மெத்தையில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆட்கள் சேர்ந்து சத்தம் போட்டார்கள். பக்கத்துச் சுவரில், போட்டிக்குப் பழகுகிற இளைஞர்கள் நினைத்தே பார்க்க முடியாத ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களில் ஒருவனும் திரும்பிக் கை தட்டினான். 2016இலும் 2017இலும் போல்டரிங் உலகக் கோப்பையை வென்ற பிரிட்டிஷ் வீராங்கனை ஷானா காக்ஸி பழகிய ஊர் இது. கடைசிப் படியில் இருப்பவரும் முதல் படியில் இருப்பவரும் ஒரே கூரையின் கீழ் ஷூ மாட்டுகிற விளையாட்டுகள் அதிகம் இல்லை.

கயிறு போட்டு ஏறியது ஃபவுண்ட்ரியில். அது வேறு அனுபவம், இங்கே உயிர் இன்னொருவர் கையில் இருக்கிறது. அக்கா மகளை முதலில் சோதித்தார்கள், இடுப்பிலும் தொடையிலும் மாட்டுகிற பட்டையான ஹார்னஸில் எட்டு வடிவ முடிச்சைச் சரியாகப் போடுகிறாளா, கீழே நின்று கயிற்றைப் பிடிக்கும்போது பிரேக் கை, அதாவது ஏறுகிறவர் விழாமல் கயிற்றை நிறுத்துகிற கை, ஒரு கணமாவது கயிற்றை விடுகிறதா என்று ஒரு பணியாளர் பக்கத்திலேயே நின்று கவனித்தார். ஏறுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஒருவர் முடிச்சை மற்றவர் இழுத்துப் பார்க்க வேண்டும், வருஷக்கணக்காக ஏறுகிறவர்களும் இதை விடுவதில்லை. உச்சிக்குப் போவது சுலபமாகத்தான் இருந்தது, இறங்குவதற்குச் சுவரை விட்டுக் கயிற்றில் சாய வேண்டுமே, அங்கேதான் கை பிடியை விட மறுத்தது. கீழே அவள் சின்னதாகத் தெரிந்தாள். "உக்காருங்க மாமா, நாற்காலில உக்கார்ற மாதிரி உக்காருங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்று கத்தினாள். நடை பழகும்போது நான் விரலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்ட பிள்ளை. உட்கார்ந்தேன். என் எடைக்கு அவள் குதிகால் தரையிலிருந்து எழும்பியது, கை மட்டும் அசையவில்லை.

இடையில் மழை விட்ட ஒரு நாள் ஸ்டானேஜ் என்கிற கிரிட்ஸ்டோன் பாறை வரிசைக்கும் போய்வந்தோம். ரயில் ஏறினால் டாட்லி சுரங்கம் வருகிறது, 5 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், அதைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஹேதர்சேஜ் ஸ்டேஷன், அங்கிருந்து நடை. பாறை வரிசைக்கு அடியில் பாதி செதுக்கி விட்டுப்போன, ஆலைகளில் அரைக்கப் பயன்படும் வட்டக் கற்கள் புல்லில் கிடக்கின்றன. நாங்கள் ஏறவில்லை, பாறையில் கயிறு போட வேறு பயிற்சி வேண்டும். தொட்டுப் பார்த்ததோடு சரி. நிறமும் இல்லை, அட்டையும் இல்லை, எங்கே கை வைப்பது என்று நாமேதான் தேட வேண்டும். ஜிம்மில் பார்த்த முகங்கள் சிலவற்றை அங்கே பார்த்தோம், கையை ஆட்டினார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வேலை நாளில் பகலில் போங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூட்டம் நெரியும், பள்ளி விட்டதும் சிறுவர் வகுப்புகள் வேறு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுவர் ஏறும் போட்டியில் பிரிட்டனின் டோபி ராபர்ட்ஸ் தங்கம் வாங்கியதைப் பற்றி அந்தப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்க ஆசை இருந்தால் அந்த நேரத்துக்கே போகலாம். ஷூ வாடகைக்குக் கிடைக்கும், விரல் நுனி முட்டுகிற அளவு, ஆனால் வலிக்காத அளவு கேளுங்கள், ரொம்ப இறுக்கமாக எடுத்தால் முதல் நாளே வெறுத்துவிடும். ஒருவர் ஏறும்போது அவருக்குக் கீழே நடக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இதைத்தான் முதலில் சொல்லிவைக்க வேண்டும். நகத்தை வெட்டிக்கொண்டு போங்கள். மோதிரத்தைக் கட்டாயம் கழற்றுங்கள், ஒரு பிடியில் மோதிரம் மாட்டிக்கொண்டு உடம்பு கீழே விழுந்தால் விரலின் கதி என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. தாலிக்கொடியோ சங்கிலியோ இருந்தால் அதையும் கழற்றி லாக்கரில் வைத்துவிடுவது நல்லது. மெட்டி போட்டிருப்பவர்கள் அதை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள், அந்த ஷூவுக்குள் மெட்டியோடு கால் நுழையாது.