காலண்டர் முருகனும் கிருஷ்ணாபுரத்துக் கர்ணனும்

ஓவியத்தின் மீது எனக்கு எப்படி ஆசை வந்தது என்று கேட்பவர்களிடம், எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய சிவகாசிக் காலண்டர்களைத்தான் முதலில் சொல்வேன். தேதித் தாள்களை எல்லாம் கிழித்து முடித்த பிறகும், சாமி படம் இருக்கிறதே என்று அட்டையைத் தூக்கி எறிய ஆச்சிக்கு மனம் வராது. அப்படிச் சேர்ந்த முருகன்களையும் லட்சுமிகளையும் பார்த்துத்தான் நான் வரையத் தொடங்கினேன். அந்தப் பாணியை வளர்த்தவர்களில் முதன்மையானவர் சி. கொண்டையராஜு என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை தீட்டிய அவர், 1986 வரை எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்த கோவில்பட்டியில் தங்கிச் சீடர்களை உருவாக்கி, 1976-இல் அங்கேயே மறைந்தார்.

பார்த்து வரைவதற்கும் ஒரு முறை உண்டு என்று காட்டியவர், எங்கள் தெருவில் சுவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த அண்ணாச்சி. சிறிய படத்தின் மேல் கட்டம் போட்டு, சுவரில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்களை இழுத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பதை மட்டும் அவர் கவனிப்பார். நானும் ஸ்கேலை எடுத்துக்கொண்டு காலண்டரில் இறங்கினேன். "ஏட்டி, முருகன் மூஞ்சியில போயி கட்டம் போட்டு வச்சிருக்கியே!" என்று ஆச்சி பதறியது இன்றும் எங்கள் வீட்டில் பேச்சாக இருக்கிறது.

கட்டத்தால் அளவு பிசகாமல் வந்தது. ஆனால் உருவத்துக்கு உடம்பு வரவில்லை. அதைக் கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலில்தான் உணர்ந்தேன். திருச்செந்தூர் சாலையில் உள்ள அக்கோயிலின் நாயக்கர் காலத் தூண்களில் நாகாஸ்திரம் ஏந்திய கர்ணனும், இளவரசியைத் தோளில் தூக்கிச் செல்லும் குறவனும் ஆள் உயரத்துக்கு நிற்கிறார்கள். கல்லுக்கு நிறம் ஒன்றே என்பதால், அங்கே வரைபவருக்கு நிழலைத் தவிர வேறு துணை கிடையாது. வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்போது கர்ணனின் விலா எலும்புகளுக்கு இடையே இருள் எப்படிப் படிப்படியாக இறங்குகிறது என்று பார்த்து, மெல்லிய இடங்களுக்கு 2பி பென்சிலும், அடர்ந்த இடங்களுக்கு 6பி பென்சிலுமாக மாற்றி மாற்றி வரைந்தேன். கையை நீட்டிப் பென்சிலை நிறுத்தி, தலையின் உயரத்தை அளவாகக் கொண்டு உடம்பை அளக்கவும் அங்கேதான் பழகினேன். ஓவியத்தின் மீதான ஆசை பித்தாக மாறியதும் அந்த மண்டபத்தில்தான்.

அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீ ஹேண்ட் (கருவியின்றி வெறும் கையால் வரைவது), மாடல் டிராயிங் (பொருளைப் பார்த்து வரைவது) ஆகியவற்றை லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைகளிலும் எழுதி முடித்தேன். பானையையும் பெட்டியையும் வைத்து வரையும் அந்தப் பயிற்சியைச் சலிப்பு என்று பலர் ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. பானையின் வாய்வட்டம் சரியாக விழாதவர்களுக்குக் கழுத்து ஆரமும் சரியாக விழாது.

இப்போது என்னை ஆட்டிவைப்பது திருப்புடைமருதூர். தாமிரபரணியோடு கடனா நதி கூடும் அவ்வூரில், 2005-இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மரங்களில் அடையும் நாரையும் கொக்கும், கர்ணனைப் போல அசையாமல் நிற்பதில்லை. கழுத்தின் வளைவை ஒரே இழுப்பில் பிடிக்கவில்லை என்றால் பறவை பறந்துவிடும். அங்குள்ள நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உட்சுவர்களிலோ, குதிரைகளை ஏற்றி வரும் கப்பல் உட்பட அத்தனை உருவங்களும், நிழலே இல்லாமல் தட்டையான வண்ணத்தின் மேல் ஓடும் ஒரு கோட்டினாலேயே நிற்கின்றன. கிருஷ்ணாபுரத்தில் நான் பாடுபட்டுப் பழகிய நிழலை அந்த ஓவியர்கள் தேடவே இல்லை. ஆகவே பென்சிலைச் சற்று ஒதுக்கிவிட்டு, மையும் தூரிகையும் கொண்டு, தடிப்பு மாறாத ஒரு கோட்டை இழுக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். தோள்பட்டையிலிருந்து கையை அசைத்தால்தான் அது நடுங்காமல் வருகிறது.