புல்மோட்டை மணலும் குரோலின் காப்புரிமையும்

திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையில், புல்மோட்டைக் கனிய மணலைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் நான் பணியாற்றிய காலத்தில், தாளில் சுற்றிய காந்தத்தை மணல் மாதிரியின் மேல் மெல்ல நகர்த்துவது அன்றாட வேலையாக இருந்தது. கரிய இல்மனைட் காந்தத்தோடு எழுந்து வரும். செம்பழுப்பு ரூட்டைலும் நிறமற்று மினுங்கும் சிர்கோனும் தட்டிலேயே தங்கிவிடும். ரூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது என்பதால், அவ்விரண்டையும் உயர் மின்னழுத்தத்தில் பிரித்துவிடலாம். இவை அனைத்தும் கனியத்திலிருந்து கனியத்தைப் பிரிக்கும் வேலைகளே. கனியத்திலிருந்து உலோகத்தைப் பெறுவது எத்தனை கடினமானது என்பதை, டைட்டேனியம் உலோகத்தைப் பெறும் முறைக்காக வில்லியம் குரோல் பெற்ற 1940 ஆம் ஆண்டுக் காப்புரிமையின் ஆவணத்தைப் படித்த பின்னரே உணர்ந்தேன்.

லக்சம்பேர்க்கில் 1889 இல் பிறந்த குரோல், தம் சொந்த ஆய்வுகூடத்தில் டைட்டேனியத்தோடு பல ஆண்டுகள் போராடினார். சூடான டைட்டேனியம் காற்றிலுள்ள ஒட்சிசனையும் நைதரசனையும் உள்வாங்கி நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். ஆகவே அவர் டைட்டேனியம் நாற்குளோரைட்டை, ஆர்கன் வாயு நிறைந்த மூடிய கலத்தில், 800 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில், உருகிய மகனீசியத்தோடு வினைபுரியச் செய்தார்; குளோரினை மகனீசியம் எடுத்துக்கொள்ள, துளைகள் நிறைந்த பஞ்சுபோன்ற உலோகம் மிஞ்சியது. 1938 இல் மாதிரிகளோடு அமெரிக்கா சென்று நிறுவனங்களிடம் காட்டியபோது எவரும் ஆர்வம் கொள்ளவில்லை. போர்க்காலத்தில் அமெரிக்க அரசு அவரை எதிரி நாட்டவராகக் கருதிக் காப்புரிமையைக் கைப்பற்றியது. பின்னர் வழக்காடியே அதை மீட்டார். அதற்கிடையிலும் ஓரிகன் மாநிலத்தின் அல்பனியில் அந்நாட்டுச் சுரங்கப் பணியகத்துக்காக உழைத்து, அதே வழியில் சிர்கோனியத்தைப் பெறும் முறையை உருவாக்கினார். இந்த மன உறுதியை நான் பெரிதும் மதிக்கிறேன். எங்கள் தட்டில் எஞ்சிய இரு கனியங்களின் உலோகங்களும், அதாவது ரூட்டைலில் உள்ள டைட்டேனியமும் சிர்கோனில் உள்ள சிர்கோனியமும், ஒரே மனிதரின் முறையால் தொழிலுக்கு வந்தவை.

உயிரியல் பயன் பிறகு வந்தது. சுவீடனின் பெர் இங்வார் பிரோனமார்க், முயல் எலும்பில் பொருத்திய டைட்டேனியம் எலும்போடு ஒன்றிவிட்டதைக் கண்டு, 1965 இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் செயற்கைப் பல்வேர்களைப் பொருத்தினார்.

மணலை மணலாகவே கப்பலேற்றுகிறோமே என்ற ஆதங்கத்தை எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கலாம். எனக்கும் அது உண்டு. ஆனால் குரோலின் காப்புரிமை காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. எவரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தடை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டவே, பயிற்சிக்கு வரும் இளையவர்களிடம் அவ்வாவணத்தைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்வேன். ஒரு கிலோ டைட்டேனியத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் மகனீசியம் தேவை என்ற விடை வந்ததும் அவர்கள் திகைப்பார்கள். எஞ்சும் மகனீசியம் குளோரைட்டை மின்பகுப்புச் செய்து மீண்டும் மகனீசியமாகவும் குளோரினாகவும் ஆக்கலாம் என்பேன். அதற்கு வேண்டிய மின்சாரத்தின் விலையை அடுத்ததாகக் கணக்கிடத் தொடங்குவோம்.