பள்ளத்தூர் வீட்டுக்கு நாங்கள் கேட்ட விலை

காரைக்குடியில் பதினோரு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டுப் பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். "என்ன விலைக்கு முடிஞ்சது?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அந்த விலைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொன்னால் வீடு தேடுகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

அரண்மனை மாதிரி வீடில்லை. முகப்பு, நடுமுற்றத்தைச் சுற்றிய வளவு, பின்னால் அடுப்படியோடு இரண்டாங்கட்டு, அவ்வளவுதான். மனை ஏழு சென்ட். சொன்ன விலை 45 லட்சம். "பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டைப் பூச்சு. இன்னைக்கு இப்படிக் கட்ட முடியுமாம்மா?" என்றார் புரோக்கர். முடியாதுதான். வளவில் நின்று அந்தத் தூண்களைத் தொட்டுப் பார்த்தபோது என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெளியில வந்து பேசுவோம்" என்று கூட்டி வந்துவிட்டார். ஆசை தெரிந்துவிட்டால் விலை இறங்காது.

முதலில் இடத்தின் விலையைப் பிடித்தோம். வில்லங்கச் சான்று எடுத்தால் பக்கத்து மனைகள் கைமாறிய தொகை தெரியும். ஆனால் பத்திரத்தில் காட்டியதும் கையில் கொடுத்ததும் பல இடங்களில் ஒன்றாக இருக்காது. அதனால் அடுத்த தெருவில் சமீபத்தில் மனை வாங்கிய இரண்டு பேரை நேரில் போய்ப் பார்த்தோம். இரண்டு பேருமே சென்ட் மூன்று லட்சத்தை ஒட்டித்தான் சொன்னார்கள். அப்படியென்றால் இடம் மட்டும் 21 லட்சம்.

மிச்சம் எதற்கு என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பழைய வீடுகளை இடித்து மரம் எடுக்கிற வியாபாரி ஒருவர் தூண், நிலை, உத்திரம் எல்லாம் சேர்த்து 9 லட்சத்துக்குக் கேட்டிருக்கிறார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தப் பக்கத்து வீடுகளின் கதவும் தூணும் எங்கே போய் நிற்கின்றன என்று. ஆக, விற்கிறவர்கள் மனதில் அடிவிலை 21ம் 9ம் சேர்ந்த 30 லட்சம். இதைத் தெரிந்துகொள்ளாமல் விலை பேசியிருந்தால் இருட்டில் கை விட்டது போலத்தான் இருந்திருக்கும்.

அந்த 9 லட்சம் நிற்குமா? தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூட்டிப் போனோம். ஏணி போட்டு ஏறி, சுத்தியலின் பின்புறத்தால் உத்திரத்தைத் தட்டினார். 'டங்' என்று கல்லைப்போல ஒலித்தது. "இது பர்மா மரம், இன்னும் நூறு வருஷம் நிக்கும்." 1938இல் கட்டிய வீடு, 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போவதற்கு முன் வந்த மரம். பிறகு ஓட்டுக்குக் கீழே கைமரங்களைத் தட்டினார். 'பொத்' என்றது. ஒன்றில் உளியை வைத்து லேசாக அழுத்த, கரையான் மண் பொலபொலவென்று அவர் தோளில் கொட்டியது. "இதெல்லாம் பனங்கை. வியாபாரிக்கு இது விறகு." அவர் கணக்கில் மரத்துக்கு 6 லட்சம் வந்தாலே அதிகம். அதோடு, இடித்த பிறகு மனையைத் தனியாக விற்க இன்னொரு ஆளையும் தேட வேண்டும். விற்கிறவர்களின் உண்மையான மாற்று வழி 30 இல்லை, 27தான் என்று எங்களுக்குப் பட்டது.

இடிக்கிறவர் சுவருக்கும் தரைக்கும் பத்துப் பைசா தரமாட்டார். எங்களுக்கோ சுவர், தரை, கிணறு எல்லாமே வேண்டும். அதனால் அவர் விலைக்கு மேலே நாங்கள் கொடுப்பது நியாயம். எவ்வளவு மேலே என்பதை எங்கள் பை முடிவு செய்தது.

கையில் மொத்தம் 38 லட்சம். வங்கியின் இன்ஜினியர் கட்டடத்தின் வயதைப் பார்த்து வீட்டுக்கு 24தான் மதிப்புப் போட்டார். அதில் 17 லட்சம் கடன். மீதி 21 சேமிப்பு, சீட்டுப் பணம், என் நகை. ஓடு மாற்றுவது, பதினான்கு பனங்கை, தாவாரத் தகரம், வயரிங், கழிவறை எல்லாம் சேர்த்து 6.4 லட்சம் என்று ஆசாரியும் கொத்தனாரும் எழுதிக் கொடுத்தார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். "பத்திரத்துல கொறச்சுப் போட்டுக்கலாம்" என்றார் புரோக்கர். சம்மதிக்கவில்லை, கொடுக்கிற பணம் முழுதும் பத்திரத்தில் இருக்க வேண்டும் என்பதில் நாங்கள் இருவரும் உறுதியாக இருந்தோம். அப்படிப் பார்த்தால் 29 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போக முடியாது. காலண்டர் தாளின் பின்பக்கம் 29 என்று எழுதிப் பீரோவில் வைத்தோம்.

நாங்கள் முதலில் கேட்டது 25.5 லட்சம். வீட்டை விற்கிற உடன்பிறப்புகளில் அக்காவை ஆச்சி என்று கூப்பிடுவோம், காரைக்குடியில் இருக்கிறார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா, எங்க அப்பச்சி கட்டுன வீடு. வெறகுக் கணக்கா பாக்குறே?"

"வெறகுக் கணக்குப் பாக்குறவருக்கு நெலையும் தூணும் போதும் ஆச்சி. நாங்க குடியிருக்க வர்றோம்" என்று ஆசாரியின் தாளைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். "தாவாரம் அப்பவே ஒழுகும்" என்றார். அதன் பிறகுதான் பேச்சு இறங்கி வந்தது.

கையெழுத்து ஆறு பேருடையது. ஆச்சி, சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் இரண்டு தம்பிகள், கோயம்புத்தூரில் காலமான அண்ணனின் மனைவி, பிள்ளைகள் இருவர். ஒருவரிடம் மட்டும் விலை முடித்துவிட்டு வராதீர்கள் என்று வக்கீல் முதலிலேயே சொல்லியிருந்தார். கோலாலம்பூர் தம்பியால்தான் இழுத்தது. 50 லட்சத்துக்குக் கீழே என்றால் வரிப்பிடித்தம் இல்லை என்று நினைத்திருந்தோம். அந்த வரம்பு இங்கே குடியிருப்பவர் விற்றால்தான். வெளிநாட்டில் இருப்பவரின் பங்குக்கு வாங்குகிறவர் வரி பிடித்துக் கட்டியாக வேண்டும் என்றார் ஆடிட்டர். கைக்குக் குறைவாக வருகிறதே என்று அந்தத் தம்பி விலையைக் கூட்டச் சொன்னார். கணக்குத் தாக்கல் செய்தால் அதிகம் பிடித்தது திரும்ப வரும் என்பதை ஆடிட்டரையே போனில் பேச வைத்துப் புரியவைத்தோம். அங்குள்ள இந்திய ஹைகமிஷனில் சான்று வாங்கி, தனக்காகக் கையெழுத்துப் போட ஆச்சி பெயருக்குப் பவர் பத்திரம் அனுப்பினார்.

28.5க்கு முடிந்தது. காலண்டர் தாளைத் தாண்டவில்லை.

ஆனால் தாவாரத்துக்குப் பின்னால் சுவர் உள்ளுக்குள் ஊறிப் போயிருந்ததை யாரும் பார்க்கவில்லை. பூச்சைத் தட்டியபோது கையோடு வந்தது. ரிப்பேர் 6.4க்குப் பதில் 7.6 ஆனது, என் தம்பியிடம் ஒரு லட்சம் கைமாற்று வாங்கித்தான் கழிவறை வேலையை முடித்தோம். ஆசாரி சொன்னதோடு ஒரு லட்சம் கூட்டி வைத்திருந்தால் அந்தத் தாளில் 29க்குப் பதில் 28 என்று எழுதியிருப்போம். 28க்கு ஆச்சி சம்மதித்திருப்பாரா என்பதை இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை.