அந்தமான்: ஐந்தரைக்கு மறையும் சூரியன், ஐந்தேகாலுக்குக் கொண்டுபோய் விட்ட ஆட்டோ

துணிமூட்டையை இன்னும் துவைக்கப் போடவில்லை, கோபமும் அடங்கவில்லை. அதனால் முதலில் எலிஃபன்ட் பீச் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஹேவ்லாக் தீவின் ஜெட்டியிலிருந்து படகில் கூட்டிப்போகிறார்கள். ஸ்நோர்க்கலிங், அதாவது மூச்சுக்குழல் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் பார்ப்பது, படகுக் காசிலேயே சேர்த்தி. ஆனால் தண்ணீருக்குள் படம் எடுத்துத் தர தலைக்கு ஐந்நூறு ரூபாய் தனி. "சார், லைஃப்டைம் மெமரி" என்றார் பையன். மனைவி, மச்சான், நான் என்று மூன்று பேருக்கு ஆயிரத்து ஐந்நூறு போயிற்று. சாயங்காலம் வாட்ஸப்பில் வந்து சேர்ந்ததைப் பாருங்கள்: எல்லாம் ஒரே நீலக் கலங்கல். ஒன்றில் யாரோ ஒருவரின் டியூப். ஒன்றில் மீன் போய்விட்ட பிறகு மீன் இருந்த இடம். இன்னொன்றில் இருப்பது நானா, அதே படகில் வந்த இந்தூர்க்காரரா என்று வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

விளம்பர போர்டில் இருக்கும் சிவப்பும் மஞ்சளுமான பவளம் உங்கள் படத்தில் வராது. வராததற்குக் காரணம் உண்டு. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு வெளிச்சத்தை. நாலைந்து மீட்டர் ஆழம் போனாலே சிவப்பு பெருமளவு செத்துவிடும், மிஞ்சுவது பச்சையும் நீலமும்தான். போதாததற்கு 2010-இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்துப்போயின, அந்த அடி இன்னும் பல இடங்களில் தெரிகிறது. ஆகவே ஆழமில்லாத இடமாக, வெயில் நன்றாக இறங்கும் நேரமாகப் பார்த்து, எடுக்கிற பொருளுக்கு ஒரு கை தூரத்துக்குள் போய் எடுத்தால்தான் நிறம் நிற்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் நடுவில் இருக்கும் தண்ணீரைத்தான் எடுக்கிறீர்கள். போன் பவுச் வாங்கிப்போகிறவர்களுக்கு ஒன்று: தண்ணீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது. வால்யூம் பட்டனை ஷட்டராக மாற்றிவிட்டு இறங்குங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். படத்துக்காகப் பவளத்தின் மேல் ஏறி நிற்கும் ஆசாமிகளை அங்கே நிறையப் பார்த்தேன். அவர்களைப் பற்றி எழுதினால் வார்த்தை தடிக்கும்.

சரி, ஆட்டோ.

அந்தமான் போகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணிக்கப்படுகிறது. அந்தமான் இருப்பதோ கிட்டத்தட்ட 92.7 டிகிரியில். கடிகாரம் ஒன்றுதான், சூரியன் மட்டும் சென்னையைவிட சுமார் 50 நிமிடம் முன்னால் ஓடுகிறது. டிசம்பர் தொடக்கத்தில் மாலை 5 மணிக்கே மறைந்துவிடும். நாங்கள் போனது பிப்ரவரி, ஐந்தரைக்கு முன்னாலேயே இறங்கிவிட்டது. உச்சி வெயில் என்பதே 11.30 வாக்கில்தான். நம் ஊர்ப் பழக்கத்தில் "அஞ்சு மணிக்கு மேல பீச்சுக்குப் போவோம்" என்று கிளம்பினால் டார்ச் அடித்துக்கொண்டு மணலைத்தான் பார்க்க வேண்டும்.

இது எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் ராதாநகர் கடற்கரைக்குப் போக மூன்றரைக்கே வரச்சொல்லி ஆட்டோ பேசினேன். மார்க்கெட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் சொச்சம், போக வர எண்ணூறு. மனிதர் வந்தது நாலேகாலுக்கு. வேறு சவாரியாம். வழியில் பெட்டிக்கடையில் ஒரு நிறுத்தம். அப்புறம் மச்சினனோ தம்பியோ ஒருவரை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் "சன்செட், சன்செட்" என்று கத்தினேன். "ஆறு மணிக்குத்தான் சார்" என்று சிரிக்கிறார்! அதே தீவில் தினமும் சூரியனைப் பார்க்கிற மனிதர். இறங்கும்போது மணி 5.15. மரங்களைத் தாண்டி மணலில் கால் வைப்பதற்குள் சூரியன் கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் ஹாரன். திரும்பி வந்ததும் வெயிட்டிங் சார்ஜ் முந்நூறு கேட்டார். நான் தரவில்லை. மச்சான் "விடுங்க மாமா, ஊரு விட்டு ஊரு வந்து எதுக்கு வம்பு" என்று நூறு ரூபாயை நீட்டிவிட்டான். அந்த நூறு இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் காலையிலேயே இரண்டு ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தோம். ஒன்றுக்கு ஐந்நூறு, பெட்ரோல் நம்முடையது. முழுப் பயணத்திலும் உருப்படியான செலவு இதுதான். படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் ஹேவ்லாக்கில் ஆட்டோவை நம்பவே வேண்டாம். நினைத்த இடத்தில் நிறுத்த முடியாத வண்டி என்ன வண்டி? பாக்குத் தோப்பு, வயல், சைக்கிளில் மீன் கூடையோடு போகிறவர் எல்லாம் சாலையோரத்தில்தான் இருக்கிறார்கள்.

அந்த இரண்டாவது மாலையில் ராதாநகரைப் பார்த்தேன் பாருங்கள்! 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்றதாம், அதைப் படித்துவிட்டு வாயைப் பிளக்கக்கூடாது என்றுதான் போனேன். பிளந்தேன். அகலமான வெள்ளை மணல், பின்னால் சுவர் போல உயர்ந்த காடு, கடை கண்ணி எதுவும் மணலில் இல்லை. மேற்குப் பார்த்த கரை. அலை பின்வாங்கும்போது ஈர மணலில் வானம் முழுக்க விழுகிறது. கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் அந்தப் பிரதிபலிப்பு இரண்டு மடங்காகும். நின்ற வாக்கில் எடுத்தால் சாதாரண படம்தான். சூரியன் மறைந்ததும் கூட்டம் கிளம்புகிறது, நீங்கள் கிளம்பாதீர்கள். உண்மையான நிறம் அதற்குப் பிறகு வருகிறது. ஆனால் இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாகக் கீழே விழுவதால் அந்தி நீளாது. இருபது நிமிடம், அவ்வளவுதான். அதற்குள் விசில் ஊதிக்கொண்டு காவலர் வந்துவிடுவார். அவரோடு வாதாடாதீர்கள். ஓரத்தில் இருக்கும் நீல்ஸ் கோவ் என்ற சிறு குடாப் பக்கம் 2010-இல் ஒரு அமெரிக்கப் பயணியை முதலை கொன்றிருக்கிறது. படத்துக்காக இருட்டில் அந்தப் பக்கம் ஒதுங்குவது வீரமல்ல.

இன்னொரு விஷயம். போட்டோ வகுப்பு எடுப்பவர்கள் எல்லோரும் மத்தியானத்தில் கேமராவை எடுக்காதே என்பார்கள். தீவில் அந்த வேதம் பாதிதான் செல்லும். பச்சைநீலக் கண்ணாடி மாதிரி கடல் வேண்டுமென்றால் சூரியன் தலைக்கு மேல் இருக்க வேண்டும். வெளிச்சம் தண்ணீரைத் துளைத்துப் போய் அடியிலிருக்கும் வெள்ளை மணலில் பட்டுத் திரும்பி வந்தால்தான் அந்த நிறம். காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் அதே கடல் சாம்பல்தான். காலாபத்தர் கடற்கரை கிழக்குப் பார்த்தது. எல்லோரும் சூரிய உதயத்துக்கு அங்கே ஓடுகிறார்கள், நாங்களும் ஓடினோம், கறுப்புப் பாறையும் ஆரஞ்சு வானமும் அழகுதான். ஆனால் பன்னிரண்டு மணிக்கு மேல் மறுபடி போய்ப் பாருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் போயிருக்கும், கூட்டம் சாப்பிடப் போயிருக்கும், கடல் உங்களுக்காக மட்டும் நிறம் மாறியிருக்கும். மண்டை காயும், தொப்பி அவசியம்.

அப்போது போலரைசர் ஃபில்டர் ஒன்று கையில் இருந்தால் போதும். தண்ணீர் மேல் பளபளப்பதை வெட்டிவிட்டு அடிமணலைக் காட்டும். சூரியனுக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்றால்தான் வானத்தில் அதன் வேலை முழுதாகத் தெரியும். இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிகிற இந்தச் சமாச்சாரத்தை விட்டுவிட்டு லட்ச ரூபாய் டெலிலென்ஸைத் தோளில் தூக்கி வந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ட்ரோனும் வேண்டாம். அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் பறிபோகும், இது ராணுவமும் கடற்படையும் இருக்கும் இடம். வெள்ளை மணலைப் பார்த்தால் கேமரா ஏமாந்து படத்தை மங்கலாக்கும், எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, அரையிலிருந்து ஒன்று வரை ஏற்றிவிடுங்கள். போனில் மணலைத் தொட்டுப் பிடித்து வெளிச்சத்தை மேலே இழுத்தால் அதே வேலை ஆகும்.

ஏசி அறை ஒரு வில்லன். இரவெல்லாம் குளிர்ந்த லென்ஸை விடியற்காலை வெளியே எடுத்தால் ஒரே நொடியில் பனிமூட்டம். துடைக்கத் துடைக்க வரும். கேமராவை ஜிப் பையில் இறுக்கி மூடி வெளியே எடுத்துப் போய், அரை மணி நேரம் கழித்துப் பையைத் திறந்தால் பிரச்சினையில்லை. ஏசி இல்லாத அறை எடுத்தால் இன்னும் உத்தமம், எழுநூறு ரூபாயும் மிச்சம்.

எழுநூறு என்றதும் சாப்பாடு ஞாபகம் வந்துவிட்டது. தங்கின இடத்தில் ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று பேருக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். ருசி, கல்யாண மண்டபத்துக் கடைசிப் பந்தி. மறுநாள் கோவிந்தநகர் மார்க்கெட்டில் தகரக் கூரை போட்ட ஒரு மெஸ். தேசப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்திய ஊர் இது, கோவிந்தநகர், ராதாநகர் என்ற பெயர்களே அவர்கள் வழி வந்தவைதான். ஒரு அம்மாள் தட்டு நிறையச் சோறு, பருப்பு, உருளை வறுவல், கடுகு அரைத்துவிட்ட குழம்பில் காலையில் பிடித்த மீன் வைத்தார். இருநூற்று ஐம்பது. சோறும் பருப்பும் கேட்கக் கேட்க வந்தது. மச்சான் மூன்றாம் முறை சோறு வாங்கியபோது அந்தம்மாள் முகத்தில் வந்த சிரிப்பை அனுமதி கேட்டுத்தான் படம் எடுத்தேன், வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, ஃபிளாஷ் இல்லாமல். இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த படம் அதுதான். அந்தக் கடுகுக் குழம்பைப் பற்றி இன்னும் ஒரு பக்கம் எழுதலாம், மனைவி முறைக்கிறாள்.

நீல் தீவுக்குப் போகிறவர்கள் படகு டிக்கெட் போடுவதற்கு முன் வற்று நேரத்தைப் பாருங்கள். அங்கே இருக்கும் இயற்கைப் பாலம் கடல் வற்றும்போதுதான் நெருங்க முடியும். வற்று நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி அதிகம் வற்றும். வற்றாத நேரத்தில் வந்து தூரத்திலிருந்து பாறை உச்சியைப் படம் பிடித்துப் போகிறவர்களிடமும் கைடுகள் அதே காசு வாங்குகிறார்கள். டிக்கெட்டில் ஹேவ்லாக் 'ஸ்வராஜ் த்வீப்' என்றும், நீல் 'ஷஹீத் த்வீப்' என்றும் இருக்கும். 2018-இல் மாற்றியது. போர்ட் பிளேரும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்.

போர்ட் பிளேரில் எங்களுக்கு வாய்த்த டிரைவர் தமிழர். "எங்க தாத்தா ராம்நாட்டுல இருந்து கப்பல்ல வந்தாரு சார், நமக்கு இதான் ஊரு" என்றார். சொன்ன காசுக்கு மேல் ஒரு பைசா கேட்கவில்லை. செல்லுலார் சிறைக்குக் காலையில் திறந்ததுமே கொண்டுபோய் விட்டார். 1906-இல் கட்டி முடித்த ஏழு பிரிவுகளில் மூன்றுதான் மிச்சம். நீண்ட தாழ்வாரத்தில் கம்பிக் கதவுகள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடும் வரிசையை நடுவில் நின்று எடுங்கள், வேறு வித்தை எதுவும் தேவையில்லை. தூக்குமேடை அறையில் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று நாக்கைத் துருத்தி செல்ஃபி எடுத்த ஒரு கும்பலைப் பார்த்தேன். அறையலாம் போலிருந்தது.

போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் இருக்கும் ராஸ் தீவு மத்தியானத்துக்கு ஏற்ற இடம். வெள்ளைக்காரன் காலத்து இடிந்த கட்டடங்களை மரவேர்கள் விழுங்கிக்கொண்டிருக்கின்றன, எங்கும் நிழல். மான்கள் கிட்டே வரும், சிப்ஸ் பாக்கெட்டைக் காட்டிப் போஸ் கொடுக்க வைக்காதீர்கள்.

பாராடாங் தீவுக்குப் போகும் சாலையில் மட்டும் கேமராவைப் பைக்குள் போட்டுவிடுங்கள். ஜாரவா பழங்குடி மக்கள் வாழும் காடு அது. வண்டிகள் வரிசையாகக் காவலோடுதான் போகும், நிறுத்தக்கூடாது, அவர்களைப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம். எங்கள் வண்டியில் ஒருவர் போனை ஜன்னலில் வைத்துத் தயாராக இருந்தார். டிரைவர் பின்னால் திரும்பாமலே "மேடம், உள்ள வைங்க, என் லைசென்ஸ் போயிடும்" என்றார். உள்ளே போயிற்று.

கடைசியாக, தீவுகளுக்கு இடையே ஓடும் படகு. தனியார் படகுகளில் ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு ஏசி அறைக்குள் அடைத்துவிடுகிறார்கள். உப்புக் கறை படிந்த கண்ணாடி வழியாக ஒரு படமும் தேறாது. திரும்பும்போது அரசுப் படகில் வந்தோம். விலை பாதிக்கும் குறைவு, மேல்தளத்தில் காற்று, நாலு பக்கமும் கடல், பறக்கும் மீன்கள் வேறு. ஷட்டர் வேகத்தை ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்துக்கொண்டு மச்சான் அரை மணி நேரம் போராடி ஒரு மீனைப் பிடித்துவிட்டான், படத்தில்தான். டிக்கெட்டுக்கு மட்டும் கவுன்ட்டர் திறக்கும் முன்பே போய் வரிசையில் நில்லுங்கள், கூடவே அடையாள அட்டை நகல் எடுத்துப்போங்கள், ஜெட்டி பக்கத்தில் ஜெராக்ஸ் ஒரு பக்கம் பத்து ரூபாய்.