மூளையில் ஜெர்ம் செல் கட்டி: கத்திக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை

கோபி, தாராபுரம் பக்கமிருந்து பிள்ளையைக் கோவைக்குக் கூட்டி வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கட்டிய முழுசா எடுத்துருவீங்களா டாக்டர்?" என்றுதான். ஜெர்ம் செல்லில் (கருமுட்டை, விந்தணு உருவாகும் செல்) தோன்றும் கட்டிகளில் ஒரு வகையான ஜெர்மினோமா என்றால் அது தேவையில்லைங்க. மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் கரைகிற கட்டி அது.

பினியல் (மூளையின் நடுவிலுள்ள சிறு சுரப்பி) பக்கமோ பிட்யூட்டரிக்கு (மூளைக்கு அடியிலுள்ள ஹார்மோன் சுரப்பி) மேலோ கட்டி என்று எம்.ஆர்.ஐ. காட்டினால், ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்று இந்தக் கட்டிகள் சுரக்கக்கூடிய இரண்டு புரதங்களையும் பார்க்க வேண்டும். தலையில் நீர் கோத்து அழுத்தம் ஏறியிருந்தால் மட்டும் தண்டுவட நீர் எடுக்க முதுகில் ஊசி போடக் கூடாது. முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும். ஏ.எஃப்.பி. தெளிவாக ஏறியிருந்தால் அது வெறும் ஜெர்மினோமா அல்ல. சிகிச்சை இன்னும் கடுமையாகும், பிழைப்பு விகிதமும் குறையும்.

ஜெர்மினோமாவில் 5 ஆண்டு பிழைப்பு 90 சதவீதத்துக்கு மேல். வழக்கமாக முதலில் கார்போபிளாட்டின், எட்டோபோசைடு என்ற கீமோ மருந்துகள்; பிறகு மூளையின் நீரறைகள் முழுவதற்கும் சுமார் 24 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை கதிர்வீச்சு, கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதலாக. கெடுவது இங்கேதான்: கீமோவில் கட்டி மறைந்ததும் சிலர் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கீமோவோடு நிறுத்தினால் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது. தயவுசெய்து நிறுத்தாதீங்க.

கட்டியால் பிட்யூட்டரி பழுதான பிள்ளைக்கு டெஸ்மோபிரசினும் (சிறுநீர் அளவுக்கு மீறிப் போவதைத் தடுக்கும் மருந்து) ஹைட்ரோகார்டிசோனும் (உடம்பு சுரக்காத கார்டிசால் ஹார்மோனுக்கு மாற்று) பெரும்பாலும் ஆயுசுக்கும் தொடரும். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோன் அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசியாகப் போட வேண்டும். எவ்வளவு என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.