தண்ணீர் சிவந்தால் போதுமா

லஞ்ச வழக்கு என்றதும் கண்ணாடி டம்ளரில் இளஞ்சிவப்பாகும் தண்ணீர்தான் பலருக்கு நினைவு வரும். தீர்ப்பு எழுதும் நீதிபதிக்கு அது பிறகு பார்க்கவேண்டிய சங்கதி. ‘பணம் கேட்டாரா?’ என்பதே அவருடைய முதல் கேள்வி. கேட்டதற்குச் சான்று இல்லையென்றால், சட்டைப்பையில் நோட்டு இருந்ததை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது.

கொடைக்கானலில் ஒரு வீட்டு வரைபட அனுமதிக்குப் பணம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மலையில் கட்டட விதி கெடுபிடியானது. உயரம், சரிவு, மர எண்ணிக்கை என்று கோப்பை நிறுத்திவைக்கக் காரணம் ஏராளம். புகார் திண்டுக்கல் லஞ்ச ஒழிப்புப் பிரிவுக்குப் போகும். வழக்குப் பதிந்த பின்னரே நோட்டு எண்களைக் குறித்து, பினாப்தலின் பவுடர் தடவுவார்கள். வேறு துறைகளிலிருந்து வரும் இரண்டு அரசு ஊழியர்கள் சாட்சிகள். ஒருவர் நோட்டைத் தொட்டு, சோடியம் கார்பனேட் கரைசலில் விரலை நனைத்து, அது இளஞ்சிவப்பாவதைக் காட்டுவார். பணம் வாங்கியவர் கையையும் பிறகு இப்படித்தான் சோதிப்பார்கள். பவுடர் தடவியவர், பணம் வாங்கும்போது பிடிக்கிற பொறிவைப்புக்குப் போகக்கூடாது. புகார்தாரர் அதிகாரியிடம் கைகுலுக்கக்கூடாது. அவர் கேட்காமல் பணத்தை எடுக்கவும் கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நிறைய வழக்கு சறுக்குகிறது. பதற்றத்தில் ஆள் உள்ளே நுழைந்ததுமே நோட்டை மேசையில் வைத்துவிடுவார். பிறகு ‘திணித்துவிட்டுப் போனான்’, ‘கைமாற்றாகக் கொடுத்ததைத் திருப்பித் தந்தான்’ என்ற வாதம் தானாக வந்து உட்காரும். பேச்சைக் கேட்பதற்காகக் கூடப்போன நிழல் சாட்சி வாசலிலேயே நின்றிருந்தால், உள்ளே நடந்த பேச்சைச் சொல்ல ஆளில்லை. டம்ளரைக் கழுவியதையும், வலக்கை இடக்கையைத் தனித்தனிக் கரைசலில் நனைத்ததையும் மகசரில் (நடந்ததை அங்கேயே சாட்சிகள் முன் எழுதும் பதிவு) எழுத மறந்தால், குறுக்கு விசாரணையில் அரை நாள் அதற்கே போய்விடும். நாளானால் பாட்டிலுக்குள் அந்தச் சிவப்பே வெளுத்துப்போகும். அதனால்தான் தாமதமில்லாமல் முத்திரையிட்டு அனுப்புவதும், ஆய்வக அறிக்கை பெறுவதும் முக்கியம்.

இன்னொரு சிக்கல், பொறி வைத்த தேதியில் அந்த அதிகாரியிடம் வேலை ஏதும் நிலுவையில் இருந்ததா என்பது. முந்தின வாரமே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டிருந்தால், எதற்காகக் கேட்டார் என்று அரசுத் தரப்புதான் விளக்கவேண்டும். கோப்பின் நகர்வுப் பதிவேட்டை நீதிபதி வரிவரியாகப் படிப்பது இதற்காகத்தான்.

சாட்சிகள் பிறழ்வதை, அதாவது முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்வதை, ஊழலோடு மட்டும் முடிச்சுப்போடுவது சரியல்ல. மன்னவனூர்க்காரர் பூண்டு வயலை விட்டுவிட்டு கொடைக்கானல் வந்து, அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு இறங்கவேண்டும். வாய்தா என்றால் அந்த நாள் போச்சு. இரண்டு ஆண்டுக்குள் விசாரணையை முடிக்க முயலவேண்டும் என்று ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தம் சொல்கிறது. நாள்தோறும் நடத்தச் சொல்வதும் அதே சட்டம். நல்ல நீதிபதி முதலில் வாய்தாவைத்தான் குறைப்பார். புகார்தாரர் பிறழ்ந்தாலும், இறந்தாலும் வழக்கு விழுந்துவிடாது, மற்ற சாட்சிகளையும் சூழ்நிலையையும் கொண்டு கேட்டதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியது.

அப்புறம் இசைவாணை. ஊழியரைப் பதவிநீக்கும் அதிகாரம் உள்ளவர், ஆவணங்களைப் படித்து, அவர்மீது வழக்கு நடத்தத் தரவேண்டிய அனுமதி அது. தயாராக வந்த தாளில் கையெழுத்து மட்டும் போட்டவர் கூண்டில் ஏறி, ‘என்ன படித்தீர்கள்?’ என்ற கேள்விக்குத் திணறுவது பார்க்கச் சங்கடமான காட்சி. அத்தனையும் தாண்டி நிரூபணமானால் தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாது, 7 ஆண்டு வரை போகலாம்.

கோப்பிலேயே நடக்கும் ஊழலுக்குச் சிவக்கிற தண்ணீரும் கிடையாது. கொடைக்கானல் பிளசண்ட் ஸ்டே ஓட்டல் அப்படிப்பட்ட வழக்கு. இரண்டு தளத்துக்கு அனுமதி, எழுந்தது ஏழு. 1994இல் அரசாணை போட்டு விதிவிலக்கு தரப்பட்டது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு போட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முன்னாள் முதல்வர் ஜெயலலிதா உள்ளிட்டோர்மீது தொடர்ந்த ஊழல் வழக்கில், சென்னை சிறப்பு நீதிபதி வி. ராதாகிருஷ்ணன் 2000 பிப்ரவரி 2 அன்று ஓராண்டு கடுங்காவல் விதித்தார். அன்றைக்கே தீர்ப்பை எதிர்த்து நடந்த போராட்டத்தில் தர்மபுரியில் கல்லூரிப் பேருந்து எரிக்கப்பட்டு, வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் இறந்தனர். 2001 டிசம்பர் 4 அன்று உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது.

அரசாணை செல்லாது என்பதாலேயே கையெழுத்திட்டவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப நீதிபதியிடம் இருப்பது அலுவலகக் குறிப்புகள்தான்: யார் ஆட்சேபித்து எழுதினார், எந்த மேசையில் அது கைவிடப்பட்டது, பதில் காரணம் எழுதப்பட்டதா. ஆட்சேபத்துக்கு அடியில் காரணமே இல்லாமல் ‘ஒப்புதல்’ என்ற ஒற்றைச் சொல் இருந்தால், அந்தப் பக்கத்தில்தான் அவர் நெடுநேரம் நிற்பார்.